தூண்டில் சுற்றுலாவைக் கெடுப்பது சட்டமா, மீனில்லாக் கடலா?

அலைவாய்க்காரன்:
பொழுதுபோக்குக்குக் கடலில் தூண்டில் போட வருகிறவர்களைக் கட்டுப்பாடுகள்தான் விரட்டுகின்றன. ஐரோப்பாவின் வடக்குக் கடல்களில் சீபாஸ் என்ற மீனின் கதையைப் பாருங்கள். 2015-ல் ஒருவருக்கு நாளுக்கு 3 மீன். 2016-ல் முதல் ஆறு மாதம் பிடித்ததையெல்லாம் திரும்ப விட வேண்டும், அப்புறம் 1 மீன். 2018-ல் அக்டோபர் வரை அந்த ஒன்றும் கிடையாது. லீவு போட்டு, படகுக்கு முன்பணம் கட்டி வருகிறவன் வெறுங்கையோடு போகவா?

கரைமணல்:
மீன்தான் வேண்டுமென்றால் சந்தைக்குப் போகலாமே! அமெரிக்காவின் மேரிலாந்தில் 1985 முதல் 1990 வரை ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீனைப் பிடிக்கவே தடை. 1995-ல் அந்த மீன்வளம் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். தடை இல்லாவிட்டால் இன்று எதைக் காட்டிச் சுற்றுலாப் பயணியை அழைப்பீர்கள்?

அலைவாய்க்காரன்:
மீன் திரும்பியது, சரி. அதற்குள் படகை விற்றவர் திரும்புவாரா?

நங்கூரம்:
நான் வாடகைப் படகு ஓட்டுகிறவன். அளவு வரம்பில் எனக்குக் குறையில்லை. சீபாஸ் குறைந்தது 42 செ.மீ. இருக்க வேண்டும். அளவுப் பலகையில் மூக்கை முட்டவைத்து வாலைப் பிடித்துப் பார்த்தால் 41. வந்தவர் முகம் ஒரு நிமிடம் வாடும். போட்டோ எடுத்துவிட்டு மீனை விட்டுவிடுவார். பெண் மீன் முட்டையிடத் தயாராவதே ஏறக்குறைய அந்த அளவில்தான் என்றால் புரிந்துகொள்கிறார்கள். என் வயிற்றில் அடிப்பது தேதிதான். உதாரணத்துக்கு, மெக்சிகோ வளைகுடாவில் 2017-ல் ரெட் ஸ்னாப்பர் மீனைப் பிடிக்க முதலில் மூன்றே நாள் அனுமதி என்றார்கள். பிறகு, ஜூனில், 39 நாள் கூட்டினார்கள். கோடை லீவுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே அறை பதிவு செய்கிறவருக்கு அது எதற்கு உதவும்?

கரைமணல்:
ஒரு திருத்தம் அண்ணே. அந்த மூன்று நாள் சொந்தப் படகுக்காரர்களுக்கு. வாடகைப் படகுகளுக்கு அந்த வருடம் 49 நாள் தனியாக இருந்தது.

நங்கூரம்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயணி தலைப்பை மட்டும்தான் படிப்பார், ‘மூன்று நாள்’ என்று.

அலைவாய்க்காரன்:
‘விட்டுவிடுவார்’ என்கிறீர்களே, ஆழத்திலிருந்து இழுத்த ஸ்னாப்பரைப் பார்த்ததில்லையா? காற்றுப்பை ஊதி, இரைப்பை வாய்வழியே பிதுங்கி, மல்லாந்து மிதக்கும். அதை விட்டு என்ன புண்ணியம்?

நங்கூரம்:
எடை கட்டிய கவ்வியில் தாடையைப் பிடித்து மறுபடி ஆழத்துக்கு இறக்கினால் அழுத்தம் கூடிப் பை சுருங்கிவிடும், நிறைய மீன்கள் பிழைக்கும். வந்தவர்கள் ஆசையாகச் செய்கிற வேலை அது.

கரைமணல்:
நார்வேயையும் பாருங்கள். சுற்றுலாப் பயணி நாட்டைவிட்டு எடுத்துப்போகும் கடல்மீனுக்கு 2006-ல் 15 கிலோ வரம்பு. 2018-ல் பதிவுபெற்ற மீன்பிடி முகாம் வழியாகப் பிடித்தால் 20, இல்லாவிட்டால் 10. 2021-ல் அதைப் பதிவு முகாம் என்றால் 18, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்று மாற்றினார்கள். சட்டமே முகாம்களுக்கு ஆள் அனுப்புகிறது!

அலைவாய்க்காரன்:
பெரிய முகாம் பிழைக்கும். ஒற்றைப் படகுக்காரர்?

நங்கூரம்:
தம்பி, பதிவு என்றால் முக்கியமாகப் பிடித்த கணக்கை எழுதிக் கொடுப்பதுதான். ஒற்றைப் படகு வைத்திருக்கும் நானே தினமும் ராத்திரி நோட்டில் எழுதுகிறேன். இதுவரை அந்த நோட்டை யாரும் வந்து கேட்டதில்லை.