மெட்டல் ரெக்கார்டிங்: கை வாசிக்குதா, கம்ப்யூட்டர் வாசிக்குதா?

பட்டாலை (காரைக்குடி)

2008-ல வந்த மெட்டாலிகா பேண்டோட டெத் மேக்னடிக் ஆல்பத்தை ஹெட்போன்ல ஒரே மூச்சுல முழுசாக் கேட்டவங்க யாராச்சும் இங்க இருக்கீங்களா? எனக்கு மூணாவது பாட்டுக்குள்ளயே காது அடைச்சுப்போகுது. சத்தம் அதிகம்னு புகார் சொல்லல. மெட்டல் கேக்குறவன் சத்தத்துக்குப் பயப்படுவானா? அதுல ஏத்த இறக்கமே கிடையாது, அதுதான் என் புகார். ஸ்னேர் டிரம் அடி விழுற இடத்துல எல்லாம் அலையோட உச்சியைச் சீவி எறிஞ்சிருக்காங்க. சீவின இடத்துல கரகரப்பு.

அந்தப் பாட்டுகளே கிட்டார் ஹீரோங்கிற வீடியோ விளையாட்டுக்காகத் தனித்தனி டிராக்கா போச்சு. அதைப் பிடுங்கி எடுத்துக் கேட்ட ரசிகர்கள் 'இதுல டிரம்ஸ் மூச்சு விடுது, சிடியில செத்துக் கிடக்குது'ன்னு கொதிச்சாங்க. மறுபடி மிக்ஸ் பண்ணுங்கன்னு ஆயிரக்கணக்குல கையெழுத்தே போட்டாங்க. மாஸ்டரிங் (கலந்து முடிச்ச பாட்டுக்குக் கடைசி மெருகு) பண்ணின டெட் ஜென்சன், என் கைக்கு வரும்போதே அப்படித்தான் வந்துச்சுன்னு ஒதுங்கிக்கிட்டாரு.

இப்ப பிளாக் சாபத்தோட முதல் ஆல்பத்தை எடுங்க. 1969 அக்டோபர்ல லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோவுல ஒரே நாள்ல வாசிச்சு முடிச்சது. டோனி அயோமிக்கு தகரப் பட்டறை வேலையில வலது கையோட ரெண்டு விரல் நுனி போயிருச்சு. மனுஷன் இடதுகைக்காரர், தந்தியை அழுத்துற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செஞ்சு மாட்டிக்கிட்டு வாசிச்சாரு. பில் வார்டோட டிரம்ஸ்ல ஜாஸ் ஆட்டம் அப்படியே காதுல விழுது.

இன்னைக்கு வர்ற பேண்டுகள்ல காலால அடிக்கிற கிக் டிரம்முக்கு சாம்பிள் (முன்னாடியே பதிஞ்சு வச்ச அடி) ஒட்டுறாங்க, ஒவ்வொரு அடியையும் கம்ப்யூட்டர்ல இழுத்து தாளக் கட்டத்துக்குள்ள நிறுத்துறாங்க. வாசிச்சது யாருன்னே தெரியல. வித்தை போச்சு, வெட்டி ஒட்டுறதுதான் மிச்சம். மறுப்பு இருந்தா வாங்க.

இரட்டைப்பெடல் (தேவகோட்டை)

வணக்கம்ணே. நான் டிரம்மர். மறுப்பு இருக்கு.

ரெண்டு வழக்கை ஒண்ணா கட்டியிருக்கீங்க. டெத் மேக்னடிக்கோட நோய் சத்த அளவு. மெட்டாலிகா டிரம்மர் லார்ஸ் அடியை யாராவது திருத்தினதால அது வரல. மாஸ்டர் சத்தமா இருந்தா ரேடியோவுல எடுப்பாக் கேக்கும்னு ஒரு போட்டி, அதுல மாட்டின ஆல்பம். சிடியில கிட்டத்தட்ட 96 டெசிபல் இடம் இருந்தும் மேல் ஓரத்துல ரெண்டு மூணு டெசிபலுக்குள்ள எல்லாத்தையும் அடைச்சாங்க. தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா அது எடிட்டிங் பண்ணின தப்பு இல்ல.

கம்ப்யூட்டரே இல்லாத காலத்துக்கு வாங்க. 1988-ல வந்த மெட்டாலிகாவோட ஜஸ்டிஸ் ஆல்பம் முழுக்க டேப்ல எடுத்தது. ஜேசன் நியூஸ்டெட்டோட பாஸ் கிட்டார் எங்கண்ணே? தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்தா நான் மீசையை எடுத்துக்கறேன். மிக்ஸ் பண்ணின ஸ்டீவ் தாம்சன் பின்னாடி பேட்டியிலயே சொன்னாரு, பாஸை இறக்கச் சொன்னது லார்ஸ் உல்ரிச்தான்னு. ஒரு கலைஞன் வாசிச்சதையே இல்லாம பண்ணியிருக்காங்க, அதுவும் டேப்ல. இதுல கம்ப்யூட்டர் என்ன பாவம் பண்ணுச்சு?

சாபத் ரெக்கார்டிங்ல இஞ்சினியரா உக்காந்த டாம் ஆலம்தான் 1980-ல ஜூடாஸ் பிரீஸ்டோட பிரிட்டிஷ் ஸ்டீல் ஆல்பத்துக்கு புரொட்யூசர். ரிங்கோ ஸ்டாரோட பங்களாவுல எடுத்தாங்க. அதுல ஒரு பாட்டுல இயந்திர மனுஷங்க நடந்து வர்ற சத்தம் வேணும்னு, அடுப்படியில இருந்து கரண்டித் தட்டைக் கொண்டுவந்து மைக் முன்னாடி ஆட்டியிருக்காங்க. சாம்பிள் மெஷின் கையில இருந்தா அதைத்தான் தட்டியிருப்பாங்க.

சும்மா_வந்தவன்

இதெல்லாம் பாட்டா? கல் உடைக்கிற மெஷின் இதைவிட சுதி சுத்தமா இருக்கும்.

பட்டாலை (காரைக்குடி)

வந்ததுக்கு சந்தோஷம், போயிட்டு வாங்க.

தம்பி, ஜஸ்டிஸ் விஷயத்துல உங்க கட்சிதான் நானும். ஆனா கரண்டித் தட்டை ஆட்டினதும் ஒரு மனுஷன் கைதானே? உங்க காலத்துக் கதைக்கு வாங்க. மெஷுகாவோட 2005 ஆல்பம் கேட்ச் தர்ட்டித்ரீயில டிரம்ஸ் முழுக்க கம்ப்யூட்டர்ல எழுதினது. டோமாஸ் ஹாக்கே மாதிரி ஒரு டிரம்மரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எதுக்கு இந்த வேலை?

இரட்டைப்பெடல் (தேவகோட்டை)

எதுக்குன்னா, அந்தச் சாம்பிள்கள்ல இருக்கிறதே அவர் அடிச்ச அடிதான்! அதை அவங்க ஒளிச்சு வைக்கவும் இல்ல. பாட்டை எழுதிக்கிட்டே போனாங்க, டிரம்ஸும் கூடவே எழுதப்பட்டுச்சு. பிறகு அதோட பகுதிகளை மேடையில காலாலயும் கையாலயும் வாசிச்சுக் காட்டினாரு. ஏமாத்துறவன் மேடை ஏறுவானா?

தொப்பி_வலந்தலை (கோட்டையூர்)

நான் மிருதங்கம் கத்துக்கிறவ. தம்பி சொல்ற 'மேடையில வாசிச்சாரு' எனக்குப் போதாது. வேகமா அடிக்கிறது பயிற்சி. ஒவ்வொரு சொல்லும் எந்த பலத்துல விழுதுங்கிறதுதான் வாசிப்பு. காரைக்குடி மணி சார் வாசிப்பைக் கேட்டவங்களுக்குத் தெரியும், தொப்பியில (மிருதங்கத்தோட இடது பக்கம்) ஒரு கும்கி வழுக்கி இறங்கும்போது அது முன்னாடி விழுந்தது மாதிரி இருக்கவே இருக்காது. அத்தனையையும் ஒரே பலத்துக்கு உயர்த்திட்டா அது தாளம் எண்ணுற கருவி, அவ்வளவுதான்.

மெட்டல்லயே நல்ல உதாரணம் இருக்கு. டெத் பேண்டோட ஹியூமன், 1991. புளோரிடா மாரிசவுண்ட் ஸ்டூடியோ. ஷான் ரைனர்ட் அதுல சிம்பலைத் தொடுற விதமே வேற, மெல்லத் தொட்டது மெல்லத்தான் கேட்குது. ஸ்டீவ் டி ஜியோர்ஜியோவோட பாஸ்தான் பழைய மிக்ஸ்ல அமுங்கிக் கிடந்துச்சு. 2011-ல ஜிம் மாரிஸ் மறுபடி மிக்ஸ் பண்ணினப்பதான் அந்த மனுஷன் என்ன வாசிச்சாருன்னே எனக்குப் புரிஞ்சது. இதுல எடிட்டிங்கைத் திட்டவா, கும்பிடவா?

கண்டனூர்_மைக்செட்

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழான்னு மைக் செட் கட்டிப் பொழைக்கிறவன் நான். மெட்டல் என் பையன் கேக்குறது, அவன்தான் இந்த விவாதத்தைக் காட்டினான். படிச்சதும் சும்மா இருக்க முடியல.

ரீமாஸ்டரையும் ரீமிக்ஸையும் எல்லாரும் போட்டு உருட்டுறாங்க. மாஸ்டரிங்குக்கு வர்றது கலந்து முடிச்ச ரெண்டு சேனல். குழம்பு கொதிச்சு இறக்கினப்புறம் புளியை மட்டும் எடுக்கச் சொன்னா எப்படி? அதனாலதான் 2018-ல ஜஸ்டிஸ் ரீமாஸ்டர் வந்தும் பாஸ் எழும்பல. ஹியூமன்ல எழும்பினதுக்குக் காரணம், தனித்தனி டிராக்கா டேப் இருந்துச்சு, ஆரம்பத்துல இருந்து கலந்தாங்க.

டேப் இருந்தாலும் ஆபத்து உண்டு. மெகாடெத்தோட ரஸ்ட் இன் பீஸை 2004-ல மறுபடி மிக்ஸ் பண்ணப் போனாங்க. பழைய குரல் டிராக் சிலது காணோம்னு டேவ் மஸ்டெய்ன் சில இடத்துல புதுசாப் பாடி ஒட்டினாரு. 1990 குரலும் 2004 குரலும் ஒண்ணா? சாபத் பாடகர் ஓசி ஆஸ்பர்ன் தனியாப் போட்ட முதல் ரெண்டு ஆல்பத்துக்கு நடந்தது அதைவிடக் கொடுமை. 2002 பதிப்புல பாப் டெய்ஸ்லியோட பாஸையும் லீ கெர்ஸ்லேக்கோட டிரம்ஸையும் அழிச்சுட்டு வேற ரெண்டு பேரை வாசிக்க வச்சாங்க. 2011-ல தான் பழையபடி திரும்பி வந்துச்சு.

பட்டாலை (காரைக்குடி)

பாருங்க! அண்ணன் சொன்ன ஓசி கதைதான் என் வாதம். வாசிச்சவனையே அழிக்கலாம்னு ஆயிட்டப்புறம் வாசிப்புக்கு என்ன மரியாதை?

இரட்டைப்பெடல் (தேவகோட்டை)

அதுக்கும் டிரம் எடிட்டிங்குக்கும் முடிச்சுப் போடாதீங்கண்ணே, அது வேற தகராறு.

என் சொந்த அனுபவம் சொல்றேன். பள்ளத்தூர்ல என் கூட்டாளி வீடு பூட்டியே கிடக்குது, எல்லாரும் வெளிநாட்டுல. பெரிய வளவு (நடு முற்றம்), ஆத்தங்குடிக் கல்லு, முட்டை வெள்ளை போட்டு இழைச்ச சுண்ணாம்புச் சுவர், பர்மா தேக்குத் தூண். டிரம்ஸை வளவு நடுவுல போட்டோம். ஒரு அடி அடிச்சதும் சிலிர்த்துருச்சு, அப்படி ஒரு எதிரொலி. அப்புறம் எங்க வேகமான பாட்டை வாசிச்சோம். கேட்டா ஒரே கூழ். எந்தக் கால் எப்ப விழுந்துச்சுன்னு எனக்கே தெரியல. தூணுக்குத் தூண் ஜமக்காளம் தொங்கவிட்டுப் பார்த்தோம், கொஞ்சம் தேறுச்சு. (மாடத்துல இருந்த புறாக்கள் ஒவ்வொரு டேக்குலயும் கூடப் பாடினது தனிக் கதை.) கடைசியில கிக் டிரம்ல டிரிகர் (அடி விழுந்ததும் சாம்பிளை ஒலிக்க வைக்கிற கருவி) மாட்டி சாம்பிள் கலந்தப்பதான் வாசிச்சது காதுல விழுந்துச்சு. அது என் வாசிப்பை மறைக்கல, காட்டுச்சு.

பட்டாலை (காரைக்குடி)

வீட்டைக் குறை சொல்லாதீங்க தம்பி. லெட் செப்பலின் நாலாவது ஆல்பத்துல ஒரு பாட்டுல வர்ற அந்தப் பேர்போன டிரம்ஸ் எங்க எடுத்தது? ஹெட்லி கிரேஞ்சுன்னு ஒரு பழைய வீட்டு மாடிப்படி அடியில. ஜான் பான்ஹம் கீழே உக்காந்து அடிச்சாரு, மேல இருந்து ரெண்டு மைக் தொங்குச்சு. இன்னைக்கு வரைக்கும் ஊரே அந்தச் சத்தத்தைக் காப்பி அடிக்குது. வளவுல எடுக்கத் தெரியலன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

நம்ம ஊர் ஒலிப்பதிவுக்குப் புதுசும் இல்ல. ஏவி மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவுல ஸ்டூடியோ போட்டு 1947-ல வந்த நாம் இருவர் படத்தை இங்கதான் எடுத்தாரு. இன்னைக்கு இருக்கிற வசதி அன்னைக்கு ஏது?

கண்டனூர்_மைக்செட்

ஏவிஎம் கதை இருக்கட்டும், கணக்குக்கு வருவோம். பான்ஹம் அடிச்ச அந்தப் பாட்டு ஆனை நடை. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல எதிரொலி அடங்க இடம் இருக்கு, அந்த இடமே அழகு. தம்பி வாசிக்கிறது எந்த வேகம்?

இரட்டைப்பெடல் (தேவகோட்டை)

220 பிபிஎம்ணே, நிமிஷத்துக்கு 220 பீட். ரெண்டு காலும் சேர்ந்து பீட்டுக்கு நாலு அடி.

கண்டனூர்_மைக்செட்

அப்ப விநாடிக்கு 14 அடிக்கு மேல. ஒரு அடிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 68 மில்லிசெகண்டுதான். கல்லும் சுண்ணாம்புமா இருக்கிற வளவுல ஒரு சத்தம் அடங்க ஒரு விநாடிக்கு மேல ஆகும். முதல் அடி சாகறதுக்குள்ள பத்து அடி மேல விழுந்தா கூழ்தான். இதுல வீட்டு மேலயும் குத்தம் இல்ல, தம்பி மேலயும் இல்ல.

இன்னொண்ணு, இந்த வகைப் பாட்டுல கிட்டாரைத் தாழ்த்தி சுதி வைக்கிறாங்க. கிக் டிரம் உக்கார வேண்டிய அடிச்சத்தத்துல கிட்டாரும் பாஸும் ஏற்கெனவே பாய் விரிச்சுப் படுத்தாச்சு. கிக் தலை காட்ட மேல 3, 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு 'டிக்' வேணும். அதனால அந்த டிக்கை எல்லாரும் தூக்குறாங்க. பட்டாலை அண்ணனுக்கு எரிச்சல் வர்றதும் அந்த டிக்குலதான். தேவையால வந்தது, பிறகு பழக்கமாப் போச்சு. மெதுவான பாட்டுக்கும் அதே டிக்கைப் போடுறான் பாருங்க, அவனை ரெண்டு தட்டு தட்டலாம்.

தொப்பி_வலந்தலை (கோட்டையூர்)

சரிண்ணே, டிக் வேணும். ஆனா 14 அடியும் ஒரே பலத்துல ஏன் இருக்கணும்? சாம்பிளை ஒட்டினாலும் அடிச்ச பலத்துக்கு ஏத்தபடி ஏத்தி இறக்கலாம்ல? டிரிகர்ல அந்த வசதி உண்டுன்னு படிச்சிருக்கேன்.

இரட்டைப்பெடல் (தேவகோட்டை)

உண்டுக்கா. வச்சா என்ன ஆகும்னா, அந்த வேகத்துல காலுக்கு பலமே வராது. இடது கால் வலதை விட மெலிசா விழும். உண்மையாப் பதிஞ்சா நொண்டுற மாதிரி கேக்கும். அதனால எல்லாரும் சமமாத் தட்டி வைக்கிறாங்க.

தொப்பி_வலந்தலை (கோட்டையூர்)

நொண்டட்டுமே. நொண்டாம வாசிக்கப் பழகுறதுக்குப் பேர்தானே சாதகம். ஸ்லேயரோட ரெய்ன் இன் பிளட் 1986-ல வந்தது, அரை மணி நேரம்கூட இல்ல. டேவ் லம்பார்டோ காலை எந்த சாம்பிள் தூக்கி நிறுத்துச்சு? எதிரொலியை எல்லாம் வடிச்சு எடுத்துட்டு வறண்ட சத்தமா வச்சாங்க, அவ்வளவு வேகத்துலயும் ஒவ்வொண்ணும் தெரியுது. அண்ணன் சொன்ன கணக்கு வீட்டுக்குப் பொருந்தும், காலுக்குப் பொருந்தாது.

இரட்டைப்பெடல் (தேவகோட்டை)

லம்பார்டோவை எடுத்துக் காட்டினா நான் என்னத்தைப் பேசுறது! ஆனாலும் சொல்றேன், அவர் வேகமும் இன்னைக்கு வர்ற பேண்டுகளோட வேகமும் ஒண்ணு இல்ல. எல்லைக்கு அப்பால போறவன் கருவியைத் துணைக்குக் கூப்பிடுவான், இதுல வெக்கம் இல்ல.

பட்டாலை (காரைக்குடி)

வெக்கம் இல்லன்னா மூடி வைக்காதீங்க. அந்தப் பாட்டோட டிரம்ஸை சாம்பிள் ஒட்டாம, கட்டத்துல இழுக்காம, பச்சையா எடுத்த டேக்கையும் போடுங்க, முடிச்சதையும் போடுங்க. கேட்டுட்டுச் சொல்றோம். நல்லா இருந்தா நானே எல்லாருக்கும் அனுப்புறேன்.

கண்டனூர்_மைக்செட்

போடும்போது ரெண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து போடுங்க. ஒரு டெசிபல் கூட இருந்தாலும் காது அதைத்தான் நல்லதுன்னு சொல்லும், வியாபாரத்துல நாங்க பண்ற வேலையே அதுதான். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேக்குற சத்தத்தோட அளவு) பக்கம் கொண்டுவந்து ஓட்டுதே, அது மாதிரி. அங்கதான் டெத் மேக்னடிக் மாதிரி அடைச்சு வச்ச மாஸ்டர் எல்லாம் பவுசு இழந்து நிக்குது. எது எதுன்னு பேர் போடாதீங்க, ஒண்ணு ரெண்டுன்னு மட்டும் போடுங்க.

இரட்டைப்பெடல் (தேவகோட்டை)

சரி, போடுறேன். பச்சை டேக்குல ரெண்டாவது நிமிஷத்துல இடது கால் தடுமாறும், அக்கா அதையே பிடிச்சுத் தொங்கக் கூடாது.

தொப்பி_வலந்தலை (கோட்டையூர்)

தொங்குவேன்.

கண்டனூர்_மைக்செட்

வேவ் ஃபைலா அனுப்புங்க தம்பி. வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டா தட்டி விட்டுறாதீங்க. புறா சத்தத்தை வெட்ட வேணாம், என் பையன் கேக்கணுங்கிறான்.