ரெண்டாம் நம்பர் குட்டை

குழு: மேலத்தெரு குடும்பம்

சித்தப்பா: யாராச்சும் முழிச்சிருக்கீங்களா? ரெண்டாம் நம்பர் குட்டையில இறால் கரையோரமா ஒதுங்கிக் கிடக்கு. தின்னுதான்னு பாக்க வைக்கிற செக் ட்ரேல தீவனம் அப்படியே இருக்கு. குஞ்சு விட்டு 48 நாள்தான் ஆவுது.

மாமா: அனைவருக்கும் இனிய காலை வணக்கம்

நான்: ஏரேட்டர் ஓடுதா சித்தப்பா? ஆக்சிஜன் எவ்வளவு?

சித்தப்பா: ஓடுது. 5 இருக்கு. உப்பும் ஒண்ணுதான் குறைஞ்சிருக்கு.

நான்: ஓட்டுல வெள்ளைப் புள்ளி?

சித்தப்பா: இல்லம்மா. கவிழ்ந்து கவிழ்ந்து சுத்துது, துடிக்குது.

நான்: கடைசியா எப்ப தண்ணி ஏத்துனீங்க?

சித்தப்பா: நேத்து ராத்திரி. மழையில உப்பனாறு நெறைய வந்துச்சு, மோட்டாரைப் போட்டேன்.

நான்: தண்ணிய தேக்கக் குட்டையில நிறுத்தி, ப்ளீச்சிங் போட்டு சுத்தம் பண்ணாம நேராவா?

சித்தப்பா: தேக்கக் குட்டையிலயும் குஞ்சு விட்டுட்டேன்…

அத்தை: மதகுகிட்ட நண்டு செத்து ஒதுங்கியிருக்குன்னு மீன்காரம்மா சொல்லுச்சு. மடவை மீனு துள்ளிட்டுதான் இருக்காம்.

நான்: காத்துக் குறைச்சல்னா மீனும் மேல வந்து வாயப் பிளக்கும். நண்டு மட்டும் சாவுதுன்னா பூச்சி மருந்தா இருக்கலாம். நண்டு, இறாலெல்லாம் பூச்சிக்குப் பங்காளி. புழு நரம்பை அடிக்கிற மருந்து இறால் நரம்பையும் அடிக்கும். சைபர்மெத்ரின்னா லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்கூட வேணாம், மீனுக்கு முந்தி இறால் போயிரும்.

சித்தப்பா: அண்ணே, நீங்க மருந்து அடிச்சீங்களா?

பெரியப்பா: நான் மட்டுமா அடிச்சேன்? தெரு முழுக்க இலைச்சுருட்டுப் புழு. நேத்து காத்தால அடிச்சேன், சாயங்காலம் மழை ஊத்திடுச்சு. வயல் தண்ணிய ஆத்துல வடிய விடலன்னா பயிரு அழுவிடும்.

சித்தப்பா: என்ன மருந்து?

பெரியப்பா: கடைக்காரன் குடுத்தான். பாட்டில்ல குளோர்பைரிபாஸ் 50, சைபர்மெத்ரின் 5ன்னு இருக்கு. மத்ததெல்லாம் பொடி எழுத்து.

பெரியப்பா: ஒண்ணு கேக்குறேன் தம்பி. உன் குட்டைக் கசிவுல என் கீழப்பங்கு 3 வருஷமா உப்பு வெள்ளையா பூத்துக் கிடக்கே, அதை எந்த குரூப்புல போடுறது? சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா போட்ட கேஸ்ல 96லயே கடலோர இறால் பண்ணைக்கு எதிரா சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிடுச்சு.

சித்தப்பா: அதுக்கப்புறம் 2005ல பதிவு பண்ணி பண்ணை நடத்தலாம்னு சட்டம் வந்துச்சுல்ல. பதிவு பண்ணித்தான் நடத்துறேன்.

அத்தை: சட்டம் கெடக்கட்டும். என் கைப்பம்புத் தண்ணில டீ போட்டா பால் திரியுது. ஒருத்தன் உப்பு விடுறான், ஒருத்தன் மருந்து விடுறான். குடிக்கிறது நான்.

மாமா: 👍

அத்தை: இவரு எதுக்கு கைய தூக்குறாருன்னே தெரியல

நான்: சித்தப்பா, தீவனத்தை நிறுத்துங்க. அந்தக் குட்டைத் தண்ணிய ஆத்துல தொறக்காதீங்க. வைரஸ் இருக்கான்னு பாக்குற பிசிஆர் டெஸ்ட்டுக்கு உசிரோட இருக்குற இறால் கொஞ்சம் எடுங்க. புள்ளி தெரியலன்னாலும் வைரஸ் இருக்கலாம், பெரியப்பா மேல இப்பவே பழி போட வேணாம். தண்ணிய கண்ணாடி பாட்டில்லதான் பிடிக்கணும், பிளாஸ்டிக்குல மருந்து ஒட்டிக்கும். அடிச்சேறும் ஒரு கை அள்ளுங்க. தண்ணில தீர்ந்தாலும் சேத்துல நிக்கும். எல்லாத்தையும் ஐஸ்ல வச்சு எடுத்துட்டு வாங்க.

அத்தை: ஊறுகா பாட்டில் ஆவுமா?

நான்: வாசம் போக வெந்நீர்ல கழுவிட்டா ஆவும் அத்தை

பெரியப்பா: ரெண்டு பாட்டிலா கழுவு. என் வயல் வாமடையில ஒண்ணு நானே பிடிச்சுட்டு வரேன்.