போனில் ஓடுகிறது, டிவிக்கு அனுப்பினால் "உங்கள் பகுதியில் கிடைக்காது" என்கிறது. உதவி தேவை!

தாமரைக்கொடி
அவசரம். இங்கே அதிகாரப்பூர்வமாகக் கிடைக்காத ஒரு சேவைக்குச் சந்தா கட்டி, விபிஎன் (வேறு நாட்டிலிருந்து இணைவதுபோல் காட்டும் வசதி) போட்டுப் பார்க்கிறோம். போனில் அருமையாக ஓடுகிறது. டிவிக்கு அனுப்பினால் மட்டும் "இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது" என்று நின்றுவிடுகிறது. எல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறேன். அம்மா பார்க்கும் தொடர் இந்த வாரம் முடிகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

வயர்மேன்
டிவிக்கு எதன் வழியாக அனுப்புகிறீர்கள்? தனி ஸ்டிக்கா, டிவியிலேயே இருக்கும் ஆப்பா? விபிஎன் போனில் இருக்கிறதா, ரவுட்டரிலா? முதலில் இதைச் சொல்லுங்கள்.

இரவுப்பறவை
விபிஎன் சர்வரை மாற்றுங்கள். விபிஎன், ப்ராக்ஸி போன்ற இடைச் சர்வர்கள் வழியாக வருபவர்களைத் தடுக்கப்போவதாக நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியிலேயே அறிவித்தது. மற்ற பல சேவைகளும் இப்போது அப்படித்தான். உங்கள் சர்வரின் ஐபி, அதாவது இணைய முகவரி, மாட்டியிருக்கும்.

வயர்மேன்
ஐபி மாட்டியிருந்தால் போனிலும் ஓடாதே.

பழைய_ஆன்டெனா
எனக்குத் தெரிந்து இதற்கெல்லாம் ஒரே மருந்து ஃபேக்டரி ரீசெட். செய்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

மீனலோசனி
தயவுசெய்து ரீசெட் செய்யாதீர்கள்! டிவியில் செருகும் கூகுள் கருவியான குரோம்காஸ்டாக இருந்தால் இன்னும் ஆபத்து. 2025 மார்ச்சில் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்கள் சான்றிதழ் காலாவதியாகி நின்றபோது, ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே சொன்னது. அதற்குள் செய்துவிட்டவர்கள்தான் மறுபடி இணைக்க முடியாமல் அதிகம் திண்டாடினார்கள். நோய் தெரியாமல் மருந்து சொல்ல வேண்டாம்.

தாமரைக்கொடி
குரோம்காஸ்ட்தான். ரிமோட் எல்லாம் இல்லை. விபிஎன் போனில்.

கணித்தமிழ்வேள்
தம்பி, இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேர் இருட்டில் தேட வேண்டியிருக்காது. காஸ்ட் பொத்தானை அழுத்தினால் போன் படத்தை டிவிக்கு அனுப்புவதில்லை. எந்தப் படம் என்ற விவரத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. குரோம்காஸ்ட் நேராக வைஃபை வழியாக இணையத்துக்குப் போய்ப் படத்தை எடுக்கிறது. அங்கே விபிஎன் இல்லை, உங்கள் உண்மையான ஐபி தெரிகிறது. இது அடிப்படை. இங்கே பல முறை எழுதியாகிவிட்டது, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை.

செம்பருத்தி
விளக்கம் சரி, தொனி வேண்டாமே. தெரிந்திருந்தால் அவர் ஏன் கேட்கப் போகிறார்?

இரவுப்பறவை
அப்படியானால் எளிது. போனில் விபிஎன் போட்டு, போனின் ஹாட்ஸ்பாட்டில் குரோம்காஸ்டை இணையுங்கள்.

வயர்மேன்
ஆண்ட்ராய்டில் அது பெரும்பாலும் பலிக்காது. ஹாட்ஸ்பாட்டில் சேரும் கருவிகளின் போக்குவரத்து விபிஎன்னுக்கு வெளியேதான் போகும். போன் திரையை அப்படியே டிவியில் காட்டும் வழியும் இருக்கிறது. அப்போது படத்தை எடுப்பது போன்தான். ஆனால் காப்புரிமைப் பூட்டு உள்ள படங்கள் அதில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும், ஒலி மட்டும் வரும்.

பழைய_ஆன்டெனா
ரவுட்டரில் ஸ்மார்ட் டிஎன்எஸ் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர், ஸ்மார்ட் வகை இடத்தையும் மாற்றிக் காட்டும். விபிஎன் மாதிரி வேகமும் குறையாது.

கணித்தமிழ்வேள்
குரோம்காஸ்ட் உங்கள் ரவுட்டர் சொல்லும் டிஎன்எஸ்ஸைக் கேட்காது. 8.8.8.8, 8.8.4.4 என்ற கூகுள் முகவரிகள் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. ரவுட்டரில் அந்த இரண்டையும் அடைத்தால்தான் உங்களுடைய டிஎன்எஸ் பக்கம் திரும்பும். எல்லா ரவுட்டரிலும் அதற்கு வசதி கிடையாது.

நேர்கோடு
ஒன்று கேட்கிறேன். இது செய்யலாமா? ஒளிபரப்பு உரிமை நாடு வாரியாக விற்கப்படுகிறது. வாங்காத நாட்டில் பார்ப்பது ஒப்பந்த மீறல்தானே?

செம்பருத்தி
அவர் திருட்டுப் பதிவிறக்கம் செய்யவில்லை, காசு கொடுத்துப் பார்க்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஏப்ரல் முதல், சந்தா கட்டியவர் வேறு உறுப்பு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போனாலும் சொந்த நாட்டுப் பட்டியலைப் பார்க்க சட்டமே வழிசெய்திருக்கிறது. நியாயம் எந்தப் பக்கம் என்று அதிலேயே தெரிகிறது.

நேர்கோடு
அந்தச் சட்டம் பயணத்தில் இருப்பவர்களுக்கு, அதுவும் ஒன்றியத்துக்குள். அதை வைத்து எல்லாருக்கும் உரிமை இருக்கிறது என்று சொல்ல முடியாது. சேவை கணக்கையே முடக்கினால் யார் பொறுப்பு?

செம்பருத்தி
விதியை மீறினால் கணக்கு போகலாம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகச் சந்தா கட்டுகிற ஒருவரைக் குற்றவாளி மாதிரிப் பேசுவது தவறு. அந்த நாட்டு உரிமையை யாருமே வாங்காதபோது பார்ப்பதற்கு வேறு வழியே இல்லையே.

நேர்கோடு
யாரையும் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. விதிமுறையைப் படித்துவிட்டு இறங்கச் சொல்கிறேன். விபிஎன்னுக்கே கட்டுப்பாடு உள்ள நாடுகளும் உண்டு.

மீனலோசனி
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். தாமரைக்கொடி, விண்டோஸ் லேப்டாப் இருக்கிறதா? இருந்தால் அதில் விபிஎன் போட்டு, எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்தாலே போதும். அம்மாவுக்குப் போனிலிருந்து அனுப்புவதுதான் பழக்கம் என்றால், லேப்டாப்பில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை இயக்குங்கள். அப்புறம் நெட்வொர்க் இணைப்புகளில் விபிஎன் அடாப்டரின் பண்புகளைத் திறந்து, ஷேரிங் பக்கத்தில் அந்த ஹாட்ஸ்பாட்டோடு பகிரச் சொல்லுங்கள். குரோம்காஸ்ட், போன் இரண்டையும் அதில் சேர்த்துவிட்டுப் போனில் உள்ள விபிஎன்னை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போனுக்குக் குரோம்காஸ்ட் கண்ணில் படாமல் போகலாம்.

தாமரைக்கொடி
லேப்டாப் இருக்கிறது. எல்லாம் செய்தேன். போன் சேர்ந்துவிட்டது. குரோம்காஸ்டுக்கு ஹாட்ஸ்பாட் பெயரே தெரியவில்லை.

வயர்மேன்
குரோம்காஸ்ட் என்ன வடிவம்? பென்டிரைவ் மாதிரி நீளமா, வட்டமா?

தாமரைக்கொடி
நீளம்.

வயர்மேன்
அப்படியானால் 2013-இல் வந்த முதல் தலைமுறை. அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் அலைவரிசையை 2.4-க்கு மாற்றுங்கள். 2023-இல் அந்த மாடலுக்கு அப்டேட்டும் நின்றுவிட்டது, ஒரு நாள் மாற்ற வேண்டிவரும்.

தாமரைக்கொடி
ஓடுகிறது! அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாருக்கும் நன்றி.

பாலைநிலம்
எனக்கும் இதே சிக்கல், ஆனால் என் விபிஎன் அடாப்டரில் ஷேரிங் பக்கமே வரவில்லை. தாமரைக்கொடி, நீங்கள் எந்த விபிஎன் வைத்திருக்கிறீர்கள்?

மீனலோசனி
அவர் தொடர் முடிந்துதான் வருவார் என்று நினைக்கிறேன். பாலைநிலம், உங்கள் லேப்டாப் விண்டோஸா, மேக்கா? தாமரைக்கொடிக்கு ஒன்று: லேப்டாப் ஸ்லீப்புக்குப் போனால் ஹாட்ஸ்பாட்டும் நிற்கும், பவர் அமைப்பில் ஸ்லீப்பை அணைத்துவையுங்கள். ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே உள்ள மின்சேமிப்பையும் அணையுங்கள், இல்லாவிட்டால் கருவி எதுவும் இணையாதபோது ஹாட்ஸ்பாட் தானாக நின்றுவிடும்.