பிரெஞ்ச் புல்டாக்கா, தோட்டத்துக் குட்டியா? சுங்கை சிப்புட் பக்கம் நாய் வளர்க்கிறவங்க சொல்லுங்க

தாமான்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க சுங்கை சிப்புட் டவுனுக்குப் பக்கத்துல ஒரு தாமான்ல இருக்கோம், டெரெஸ் வீடு, முன்னால காடி நிறுத்துற இடம், பின்னால கொஞ்சூண்டு சிமெண்டுத் தரை, அவ்வளவுதான். பிள்ளைங்க பிரெஞ்ச் புல்டாக்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க, போன்ல வீடியோ பாத்துப் பாத்து வந்த ஆசை. விலை பல ஆயிரம் வெள்ளி சொல்றாங்க. மச்சான் இன்னும் தோட்டத்துலதான் இருக்கார், எதுக்கு அந்தக் காசு, லயத்து வரிசை வீட்டுப் பக்கம் குட்டி போட்டிருக்கு வந்து தூக்கிட்டுப் போங்கறார். வீட்டுல என்னடான்னா ஜாதி நாய்னா குணம் தெரிஞ்சதா இருக்கும், எடுத்தா அதையே எடுப்போம்ங்கறாங்க. வளர்த்தவங்க சொல்லுங்க.

பால்மரத்தான்:
அண்ணே தயவுசெஞ்சு அந்த புல்டாக் மட்டும் வேணாம். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளிய தள்ளும், அதுக்கு வழி மூக்கும் தொண்டையும்தான். இந்த இனத்துக்கு மூஞ்சி சப்பையா இருக்கணும்னு தலைமுறை தலைமுறையா எலும்பைக் குட்டையாக்கிட்டாங்க, ஆனா உள்ள இருக்கற சதை அதே அளவுதான், அது நீண்டு தொண்டைக்குள்ள தொங்குது, மூக்கு ஓட்டையும் சின்னக் கீறலாப் போச்சு. குறட்டை விடுது பாருன்னு வீடியோ எடுத்துப் போடறாங்களே, அது மூச்சுக்குத் திணறுற சத்தம்ணே. மதியம் ரெண்டு மணி வெயில்ல கரண்டும் போயிட்டா நம்ம டெரெஸ் வீட்டுக்குள்ள மனுஷனே இருக்க முடியாது. குட்டி போடறதுகூட பெரும்பாலும் ஆபரேஷன்தான், தலை பெருசு, இடுப்பு சின்னது. நெதர்லாந்துல 2019ல ஒரு அளவே வச்சுட்டாங்க, மூக்கு நீளம் தலை நீளத்துல மூணுல ஒரு பங்குக்கும் கம்மின்னா அந்த நாயைக் குட்டி போட விடக்கூடாது. அதே நாய்தான் 2022ல அமெரிக்க நாய்ச் சங்கப் பதிவுல முதல் இடம், 31 வருஷமா முதல்ல இருந்த லாப்ரடோரையே தாண்டிடுச்சு. ஃபேஷன்தான் இதைச் செய்யுது. லயத்துக் குட்டியைத் தூக்கிட்டு வாங்க, மச்சான் சொல்றது சரி.

அல்சேஷன் வீடு:
பால்மரத்தான் சொன்ன மூச்சு விஷயம் உண்மை, அதுல நான் சண்டைக்கு வரல. ஆனா ஒரு சப்பை மூஞ்சி நாயைக் காட்டி எல்லா ஜாதி நாயையும் ஒரே கூடையில போடறது நியாயம் இல்ல. எங்க வீட்டுல அப்பா காலத்துல இருந்து அல்சேஷன்தான். அந்த இனத்துக்கு ஜெர்மனியில 1899ல பதிவுப் புத்தகம் ஆரம்பிச்சாரே ஸ்டெபானிட்ஸ், அவர் அழகுக்குச் செய்யல, ஆடு மேய்க்கற வேலைக்குச் செஞ்சார். அதனாலதான் போலீஸ்ல இருக்கு, மீட்பு வேலையில இருக்கு. குட்டி வாங்கறப்பவே எனக்குத் தெரியும் எவ்வளவு பெருசா வளரும், எவ்வளவு முடி கொட்டும், தினமும் எவ்வளவு நடக்கணும்னு. லயத்துக் குட்டி கையளவு இருக்கும், அப்பா யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது, வளந்து எப்படி வரும்னு யார் சொல்றது? சின்னப் பிள்ளைங்க இருக்கற வீடு அது. தெரிஞ்ச குணம் வேணும்னு அவங்க வீட்டுல கேக்கறதுல தப்பே இல்ல.

பால்மரத்தான்:
அப்பா யாருன்னு தெரியாதுதான், ஆனா அம்மா கண்ணு முன்னால இருக்குல்ல. தோட்டத்துல நாய் எப்படி இருந்துச்சுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும், விடியக்காலம் இருட்டுல பால் வெட்டப் போற ஆளுங்க கூடவே போகும், பாம்பு கிடந்தா முன்னால போய் நின்னு குரைக்கும், காட்டுப்பன்னி வந்தா விரட்டும், லயத்துல பத்து வீட்டுப் பிள்ளைங்களும் அது மேல ஏறி விளையாடும், கடிக்கற நாயை யாரும் லயத்துல வச்சிருக்க மாட்டாங்க, கடிச்சா அன்னைக்கே கங்காணி வந்து நிப்பாரு, அதனால பல தலைமுறையா மனுஷனோட ஒத்துப்போற நாய்தான் அங்க மிஞ்சுச்சு. இதுவும் ஒரு தேர்வுதானே, புத்தகத்துல எழுதல அவ்வளவுதான். அல்சேஷன் வேலைக்குச் செஞ்ச நாய்ங்கறீங்க, சரி, ஆனா நாய்க் கண்காட்சியில பின்னங்கால் மடங்கி முதுகு சரிஞ்சு நிக்குதே அந்த அல்சேஷன் எந்த ஆட்டை மேய்க்கும்? இடுப்பு மூட்டு தேய்மானத்துக்கு உங்க இனம் பேர் போனது.

அல்சேஷன் வீடு:
கண்காட்சி நாய் வேற, வேலை நாய் வேற தம்பி. நான் வாங்கறது வேலை வம்சம், அம்மா அப்பா ரெண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்த ரிப்போர்ட் கேட்டு வாங்கித்தான் குட்டியையே பாப்பேன். அந்த ரிப்போர்ட் கேக்கற வசதி லயத்துக் குட்டிக்கு இருக்கா?

கிளினிக் அக்கா:
நான் மிருக கிளினிக்ல வேலை செய்யறேன், ரெண்டு பக்கமும் பேசணும். கலப்பு நாய்க்கு வியாதியே வராதுன்னு நம்மாளுங்க நெறைய பேர் நம்பறாங்க, அதை விட்டுருங்க. கலிபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகம் 2013ல ஒரு ஆய்வு போட்டாங்க, பரம்பரையா வரக்கூடிய 24 நோய், 27,000க்கும் மேல நாய்ங்க. அதுல 10 நோய் ஜாதி நாய்க்கு அதிகம். 13 நோய்ல வித்தியாசம் இல்ல. ஒண்ணு, முழங்கால் தசைநார் அறுந்து போறது, கலப்பு நாய்க்குத்தான் அதிகம். அப்போ கணக்கு யார் பக்கம் சாயுதுன்னு நீங்களே பாருங்க, சாயுது, ஆனா முழுசா இல்ல. இன்னொண்ணு, பார்வோன்னு குட்டிங்க குடலைத் தாக்கற வைரஸ், அது வந்தா எந்த ஜாதின்னு பாக்காது. தடுப்பூசி போடாத லயத்துக் குட்டிங்க ரத்தமா பேதி போய் துவண்டு கிளினிக்குக்கு வரும், அந்த நிலையில பல நேரம் எங்க கையில ஒண்ணும் இருக்காது. உண்ணிக் காய்ச்சலும் அப்படித்தான், நம்ம செம்பனைக் காட்டு ஓரத்துல உண்ணி இல்லாத புல்லே கிடையாது. தோட்டத்து நாய் எதையும் தாங்கும்னு சொல்லிச் சொல்லியே பாதி பேர் ஊசி போடாம விடறாங்க, அதைக் கேக்கறப்பதான் எனக்கு வயிறு எரியுது.

அல்சேஷன் வீடு:
இதைத்தான் அக்கா நானும் சொல்ல வந்தேன். கம்பத்து நாய் மேல பாசம் பாசம்னு பேசறாங்க, தோட்டம் வித்தப்போ என்ன ஆச்சு? சனங்க எல்லாம் டவுனுக்கு, ஃபிளாட்டுக்கு மாறிப் போச்சு, நாய்ங்க அங்கயே நின்னுச்சு. காலி லயத்துல எலும்பும் தோலுமா திரிஞ்சதுங்க குட்டி போட்டு, அந்தக் குட்டி குட்டி போட்டு, கடைசியில நகராண்மை மஜ்லிஸ் லோரி வந்து அள்ளிட்டுப் போறதை எத்தனை பேர் பாத்திருக்கோம். 2015ல கெடா, பெர்லிஸ், பினாங்குல வெறிநாய்க்கடி நோய் திரும்பி வந்தப்போ தெருவுல இருந்த நாய்க்கெல்லாம் என்ன கதி ஆச்சுன்னும் தெரியும். காசு போட்டு வாங்கினவன் அவ்வளவு லேசா விட்டுட்டுப் போக மாட்டான்.

பால்மரத்தான்:
இதுக்குக் கட்டாயம் பதில் சொல்லணும். அந்தச் சனங்க விட்டுட்டுப் போகல அண்ணே, விட வச்சாங்க. பரம்பரையா இருந்த லயத்தைக் காலி பண்ணச் சொல்லி நாள் குறிச்சாங்க, கொடுத்த மலிவு விலை ஃபிளாட்ல நாய் வளர்க்கக் கூடாது, அஞ்சாவது மாடி, என்ன செய்ய முடியும்? எங்க பெரியம்மா ஃபிளாட்டுக்குப் போன பிறகும் பஸ் ஏறிப் பழைய தோட்டத்துக்குச் சோறு கொண்டு போவாங்க. காசு போட்டு வாங்கினவன் விட மாட்டான்ங்கறதும் சரியில்ல. ஹஸ்கி ஃபேஷனா இருந்த காலத்துல வாங்கினாங்களே, சைபீரியாவுல பனியில வண்டி இழுக்கற நாய், ரெண்டு அடுக்கு முடி, நம்ம ஊர் சூட்டுல ஏர்கான் இல்லாம எப்படி வாழும்? கரண்டு பில் ஏறினதும், சோபாவைக் கிழிச்சதும், தத்து கொடுக்கறோம்னு போட்டோ போட ஆரம்பிச்சாங்க. ஃபேஷன்ல வந்தது ஃபேஷன் போனா தெருவுக்குத்தான் போகும்.

லிந்தாங் ரோடு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ராஜபாளையம், சிப்பிப்பாறை யாரும் யோசிக்கலயா? நம்ம தமிழ் இனம், நம்ம வெயில் தாங்கும், புல்டாக்குக்குக் கொடுக்கற காசை இதுக்குக் கொடுக்கலாமே.

கிளினிக் அக்கா:
சிப்பிப்பாறை ஓட்டத்துக்குன்னே பிறந்தது தம்பி, காடி நிறுத்துற இடத்துல கட்டிப் போட்டா அதுக்குப் பெரிய வேதனை. ராஜபாளையத்துல அந்த வெள்ளை நிறத்துக்காகவே சேர்த்துச் சேர்த்து காது கேக்காத குட்டிங்க பிறக்கறது ஒரு தெரிஞ்ச பிரச்சனை. இனம் நம்மளோடதா இருந்தாலும் நெருங்கின சொந்தத்துக்குள்ளயே சேர்த்துட்டே போனா இதுதான் நடக்கும். இன்னொண்ணு தெரியுமா, மலேசியாவுக்குன்னு சொந்தமாவே ஒரு நாய் இருக்கு, தெலோமியன்னு பேரு. பகாங்ல தெலோம் ஆத்துப் பக்கம் ஒராங் அஸ்லி மக்கள் வளர்த்தது, 1963ல ஒரு ஜோடியை ஆராய்ச்சிக்கு அமெரிக்காவுக்குக் கொண்டு போனாங்க. தூண் மேல நிக்கற வீட்டுக்கு ஏணி வச்சிருப்பாங்க, அதுல ஏறிப் பழகினதுங்க. நம்ம சுங்கை சிப்புட்டை ஒட்டின லாசா பக்கம் உள்ள கம்போங்ல சின்னச் சின்ன செம்பட்டை நாய்ங்களைப் பாக்கறப்போ எனக்கு அந்த ஞாபகம் வரும், அதே இனம்னு சொல்லல.

ஈப்போ மருமக:
குணம் குணம்னு பேசறீங்களே, 2022ல சயன்ஸ் பத்திரிகையில வந்த ஆய்வை யாரும் சொல்லலயே. 18,000க்கும் மேல நாய்ங்களைப் பத்தி வளர்க்கறவங்களைக் கேட்டு, ரெண்டாயிரத்துக்கும் மேல நாய்ங்களோட மரபணுவையும் பாத்தாங்க. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்துல இருக்கற வித்தியாசத்துல இனம் விளக்கறது சுமாரா 9 சதவீதம்தான். மீதி அந்தந்த நாய், வளர்த்த விதம், சூழ்நிலை. லாப்ரடோர்னா பாசம், ராட்வைலர்னா கோபம்னு பேர் வச்சு வாங்கறதுல பெரிய அர்த்தம் இல்ல. எங்க மாமியார் வீட்டுல ஒரே அம்மா போட்ட ரெண்டு கம்பத்து நாய், ஒண்ணு யார் வந்தாலும் வாலாட்டும், இன்னொண்ணு தபால்காரரை கேட்டுகிட்டயே வர விடாது.

அல்சேஷன் வீடு:
அந்த ஆய்வுலயே இன்னொண்ணும் இருக்கும்மா, சொல் பேச்சு கேட்டு நடக்கற குணத்துல இனத்தோட பங்கு மத்ததைவிட அதிகம். எனக்கு வேணும்ங்கறதே அதுதான், கூப்பிட்டா திரும்பி வரணும், உக்காருன்னா உக்காரணும். அப்புறம் ராட்வைலரை மரபணு ஆய்வுல எப்படிச் சொன்னாலும் நம்ம நாட்டுல இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருக்கு, அல்சேஷனுக்கும் இருக்கு, பிட்புல்லுக்குத் தடையே இருக்கு. வாங்கறவங்க மஜ்லிஸ்ல முதல்ல கேட்டுக்கணும்.

கிளினிக் அக்கா:
டால்மேஷன் கதையைச் சொன்னாத்தான் இது புரியும்னு நினைக்கறேன். சுத்த டால்மேஷன் எல்லாத்துக்கும் ஒரே மரபணுக் கோளாறு, யூரிக் அமிலம் உடம்புல அதிகமாத் தங்கும், சிறுநீர்ல கல்லு வரும், ஆண் நாய்க்கு அடைச்சுக்கிட்டா உயிருக்கே ஆபத்து. இனத்துக்குள்ள எந்த நாயை எடுத்தாலும் அதே கோளாறு, அப்போ உள்ளுக்குள்ளயே சேர்த்து இதைச் சரி பண்ணவே முடியாது. 1973ல அமெரிக்காவுல ராபர்ட் ஷைபிள்னு ஒரு மரபியல் ஆய்வாளர் ஒரே ஒரு பாயிண்டர் நாயோட கலப்பு செஞ்சார், அதுக்கப்புறம் வந்த தலைமுறைங்களைத் திரும்பத் திரும்ப டால்மேஷனோடயே சேர்த்தார், புள்ளியும் உருவமும் அப்படியே இருக்கு, நல்ல மரபணு உள்ள வந்துடுச்சு. ஆனா அந்த வம்சத்தை சுத்த இனம்னு அமெரிக்கச் சங்கம் பதிவுல நிரந்தரமா ஏத்துக்க 2011 ஆச்சு. அவ்வளவு வருஷமும் எத்தனை நாய் கல்லடைப்புல துடிச்சிருக்கும்? புத்தகம் மூடியே இருக்கணும், வெளி ரத்தம் வரக்கூடாதுங்கற அந்தப் பிடிவாதம்தான் எனக்கு ஜாதி நாய் உலகத்துல ஏத்துக்க முடியாதது. நாய்கிட்ட தப்பு இல்ல.

பால்மரத்தான்:
அக்கா இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியாம இருந்தேன். கலப்பு வந்ததும் நோய் போச்சு பாருங்க.

அல்சேஷன் வீடு:
கலப்பு செஞ்சதும் யாரு? தலைமுறை தலைமுறையா குறிப்பு எழுதி, எந்தக் குட்டி எந்த ஜோடிக்குப் பிறந்ததுன்னு பதிவு வச்ச ஆளு. தெருவுல தானா நடக்கற கலப்பையும் அதையும் ஒண்ணாச் சொல்லாதீங்க. பதிவு வேணும், பரிசோதனை வேணும், தேவைப்பட்டா வெளி ரத்தமும் விடலாம், அந்த அளவுக்கு நான் வர்றேன். ஆனா பொறுப்பா வளர்க்கறவங்ககிட்ட வாங்கின நாய்தான் என் வீட்டுக்கு, இதுல மாத்தம் இல்ல.

தாமான்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூச்சு விஷயத்தை வீட்டுல படிச்சுக் காட்டினேன், பெரியவ அந்த வீடியோவையே திரும்பப் போட்டுக் கேட்டுட்டு புல்டாக் வேணாம்ப்பான்னுட்டா. சின்னவன் இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான். லயத்துக் குட்டியைப் பாக்கலாம்னு இருக்கோம், வீட்டுல அல்சேஷன் அண்ணன் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு குணம் தெரியாதேன்னு இன்னும் யோசிக்கறாங்க. எப்படிப் பாத்து எடுக்கறது? பக்கத்து வீட்டு மலாய்க்காரங்க நல்ல மனுஷங்க, அவங்களுக்குத் தொந்தரவு வந்துடக் கூடாது, அதுவும் ஒரு கவலை.

கிளினிக் அக்கா:
அம்மா நாயை முதல்ல பாருங்க, புது ஆளைப் பாத்து அது எப்படி நடந்துக்குதுன்னு ஒரு மணி நேரம் கூடவே இருங்க. பெரிய நாயாகுமா சின்னதான்னு அம்மாவைப் பாத்தே ஓரளவு சொல்லிடலாம். எட்டு வாரத்துக்கு முன்னால பிரிக்காதீங்க, சீக்கிரம் பிரிச்ச குட்டிக்குக் கடிக்கற அளவு தெரியாது. முதல் ஊசி ஆறுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் வரைக்கும். ஊசி முடியற வரைக்கும் வெளிய மண்ணுல விடாதீங்க. உண்ணி மருந்து மாசா மாசம், மழைன்னு விடக்கூடாது. மஜ்லிஸ்ல லைசன் எடுங்க. பக்கத்து வீட்டுக்கு முன்கூட்டியே போய்ச் சொல்லிடுங்க, கேட் அடியில வலை அடிச்சு அந்தப் பக்கம் போகாம பாத்துக்கோங்க, ராத்திரி வீட்டுக்குள்ள படுக்க வச்சா குரைக்கறதும் பாதி குறையும்.

அல்சேஷன் வீடு:
எல்லாம் சரி. அந்தத் தாய் நாய்க்குக் கருத்தடை யார் செய்யறது? இவர் ஒரு குட்டி எடுப்பார், மிச்சக் குட்டிங்க எங்க போகும்? ஆறு மாசத்துல திரும்பவும் அதே லயத்துல அடுத்த ஈத்து. பால்மரத்தான் தம்பி, இதுக்குப் பதில் சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

பால்மரத்தான்:
நியாயமான கேள்வி அண்ணே. தாமான்வாசி அண்ணனோட மச்சான் எந்தத் தோட்டம்னு தனியாக் கேட்டுக்கறேன், குட்டிங்க பால் மறந்ததும் தாயை ஈப்போவுக்குக் கொண்டு போக என் வேன் இருக்கு. ஆபரேஷன் செலவுக்கு இங்க இருக்கறவங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டா முடிச்சுரலாம். மிச்சக் குட்டிங்களுக்கு வீடு தேட போட்டோ எடுத்து இங்கயே போடறேன்.

அல்சேஷன் வீடு:
செலவுல பாதி நான் தர்றேன். ரசீதை மட்டும் இங்க போடுங்க.