வாசலில் நின்றுபோன நாற்காலி

வாய்க்கால்கரை மகள்:
அப்பா பனையேறி. பக்கவாதம் வந்து நான்கு வருடமாகச் சக்கர நாற்காலி. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர்ப் புறம்போக்கு 30 சென்ட், கோழிக்கழிவும் காலிப் பாட்டிலுமாகக் கிடந்தது. பச்சைத்துருத்து, அதாவது சும்மா கிடக்கும் நிலத்தில் மரம் வளர்க்கும் குட்டிக் காடு, அமைக்க அரை சென்ட்டே போதும் என்று 2019இல் கேரள அரசு ஆரம்பித்ததிலிருந்து ஊருக்கு ஊர் இதே பேச்சு. எங்கள் ஊரில் தொழிலுறுதி (நூறுநாள் வேலை) பெண்கள் இறங்கிய பிறகுதான் வேலை நடந்தது. உண்ணிச்செடியை வெட்டிப் பயனில்லை, அடிக்கட்டையிலிருந்து தழைத்துவிடும். மழை ஈரத்தில் வேரோடு பறித்தோம். எருக்கையும் பறிக்கப் போனார்கள். நான் விடவில்லை.

திறந்த அன்று அப்பாவை அழைத்துப் போனேன். ஆடும் பைக்கும் வராமலிருக்க வாசலில் வளைத்து வளைத்துக் கம்பி நட்டிருந்தார்கள். ஆடு எப்படியோ நுழைந்துவிட்டது; அப்பாவால் முடியவில்லை. இருவர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். அங்கே சரளை. முன்சக்கரம் புதைந்து ஒருபக்கமாகச் சாய்ந்தது. "மூட்டையா நான்? வீட்டுக்குப் போகலாம் அம்மிணி" என்றார். இரண்டு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை.

கம்பியைப் பிடுங்கிவிட்டு, தானே சாத்திக்கொள்ளும் அகலக் கதவு வைத்தோம். சரளையை வாரி, செம்மண் கொட்டி, நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தோம். மழைக்காலத்தில் வழுக்கத்தான் செய்கிறது, பொய் சொல்லமாட்டேன்.

போன ஆவணியில் எருக்கருகே போனபோது, "நிறுத்து" என்றார். இலையடியில் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வரி போட்ட ஒரு புழு. உடம்பில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கம்பாலின் நஞ்சு உடம்பில் சேர்வதால் பறவைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. நின்றிருந்த எனக்குத் தெரியவே இல்லை. அவருக்கோ கண்ணுக்கு நேராக இருந்தது.

வேலந்தாவளத்துக்காரன்:
அக்கா, எங்கள் குளக்கரையில் சரிவுப்பாதை போட்டோம். கரை 2 அடி உயரம். மேஸ்திரி 6 அடி நீளத்தில் முடித்துவிட்டார். ஓரடி ஏற்றத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு, ஆக 24 அடி வேண்டும். பாட்டியை ஏற்ற மூன்று பேர் தள்ளினோம், இறக்க நான்கு பேர் பிடித்தோம். பிறகு இடித்துவிட்டுக் கரையோரமாகவே நீட்டிப் போட்டோம். உங்கள் கதவு எந்தப் பட்டறையில் செய்தது?

வாய்க்கால்கரை மகள்:
பட்டறையெல்லாம் இல்லை தம்பி. பழைய இரும்புக் கதவில் கயிறு கட்டி, மறுமுனையில் கல் தொங்கவிட்டிருக்கிறோம். தள்ளினால் திறக்கும், விட்டால் சாத்திக்கொள்ளும். எந்தக் கல் என்று அப்பாதான் தூக்கிப் பார்த்துச் சொன்னார்.