நளன் தமயந்தியைப் பிரியும் இரவு: வியாசரிடமும் புகழேந்தியிடமும்

கேள்வி

மகாபாரதத்தின் வன பருவத்தில் வரும் நளன் கதையையும் புகழேந்தியின் நளவெண்பாவையும் அடுத்தடுத்து வாசித்தேன். உறங்கும் தமயந்தியை நள்ளிரவில் கானகத்தில் விட்டு நளன் நீங்கும் இடம் வெண்பாவில் நெஞ்சை அறுக்கிறது. மூலத்திலோ அதே இடத்தை ஓரளவு அமைதியாகவே கடந்து செல்ல முடிந்தது. இது வெண்பாவின் ஓசையால் விளைவதா, அல்லது புகழேந்தி கதையிலேயே கைவைத்திருக்கிறாரா? நளன் கதையையே பாடும் காவியங்களான வடமொழி நைடதத்திலும் அதிவீரராம பாண்டியரின் தமிழ் நைடதத்திலும் இக்காட்சி எவ்வாறு அமைந்துள்ளது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

கதையில் கைவைத்திருக்கிறார் என்றே சொல்வேன். வியாசரிடம், நளன் சூதில் தோற்றுக்கொண்டிருக்கும்போதே வரப்போகும் கேட்டைத் தமயந்தி உணர்ந்து, தேர்ப்பாகன் வார்ஷ்ணேயனிடம் பிள்ளைகள் இருவரையும் ஒப்படைத்து விதர்ப்ப நாட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். ஆகவே காட்டுக்குப் போகிறவர்கள் கணவனும் மனைவியும் மட்டுமே. புகழேந்தியோ பிள்ளைகளையும் உடன் நடக்கவைக்கிறார். சதங்கை அணிந்த கால்கள் நோக, வழியெல்லாம் கடந்துவிட்டோமா என்று அவர்கள் அழுதபடி தந்தையைக் கேட்கும் வெண்பாவை எளிதில் மறக்க முடியாது. அதன் பிறகே அவர்கள் ஓர் அந்தணனுடன் பாட்டனார் ஊருக்கு அனுப்பப்படுகிறார்கள். ஒரு பிரிவைக் கண்டு தளர்ந்த மனத்தோடுதான் நாம் அந்த நள்ளிரவுக்கு வந்து சேர்கிறோம்.

மறுமொழி 2

இதை ஏற்கிறேன், எனினும் மூலத்தை அமைதியானது என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆடையைப் பாதியாக அறுத்துக்கொண்டு வெளியேறிய நளன், அவனைப் பீடித்த தீய தெய்வமான கலி ஒருபுறமும் அன்பு மறுபுறமும் இழுக்க, அவள் கிடக்கும் இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்துபோவதை வியாசர் ஊஞ்சலுக்கு ஒப்பிடுகிறார். புகழேந்தி அந்த ஊஞ்சலை விட்டுவிட்டு, தயிர் கடைபவர்களின் கையை அங்கே வைக்கிறார். ஊஞ்சல் எத்தனை முறை ஆடினாலும் அதில் எதுவும் சிதைவதில்லை. மத்துக் கயிறு முன்னும் பின்னும் இழுபடும்போதோ உள்ளே இருக்கும் தயிர் உருக்குலைகிறது. நீங்கள் உணர்ந்த வேறுபாட்டில் பெரும்பங்கு இந்த ஓர் உவமையினுடையது என்பது என் கருத்து.

மறுமொழி 3

வடமொழி நைடதத்தில் இக்காட்சியே கிடையாது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்ரீஹர்ஷர் 22 சருக்கங்கள் பாடியும், மணம் முடித்த இருவரின் இன்ப வாழ்வோடு நூலை நிறுத்திக்கொள்கிறார். கலி வன்மத்தோடு வந்து காத்திருப்பதற்கு மேல் துயரம் எதுவும் அதில் நிகழ்வதில்லை. அவருடைய நாட்டமெல்லாம் சுயம்வரத்தில்தான். நளனின் உருவெடுத்து அமர்ந்திருக்கும் தேவர் நால்வரையும் சரஸ்வதி அறிமுகம் செய்யும் பாடல்கள், அந்தந்தத் தேவனுக்கும் நளனுக்கும் ஒருசேரப் பொருந்தும் சிலேடைகளாக அமைந்து தமயந்தியைத் திகைக்கவைக்கின்றன. கண் இமைத்தது, அடி நிலத்தில் தோய்ந்தது, மாலை வாடியது என்று ஒரே வெண்பாவில் நளனை அடையாளம் காட்டி முடித்துவிடும் புகழேந்திக்கு அந்த விளையாட்டில் விருப்பமில்லை.

தென்காசியில் 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட அதிவீரராமர், வருணனைகளில் ஸ்ரீஹர்ஷரைத் தழுவினாலும், அவர் நின்ற இடத்தில் நிற்காமல் சூது, கானகம், பிரிவு, மீட்சி என்று முழுக் கதையையும் விருத்தத்தில் பாடியிருக்கிறார். நளவெண்பாவின் கலிதொடர் காண்டத்தை அருகில் வைத்துக்கொண்டு அந்தப் பகுதியை வாசித்துப் பாருங்கள். சொல்வளத்தில் பாண்டியர் மிஞ்சுகிறார். பிரிவைச் சொல்வதில் நான் புகழேந்தியின் பக்கமே.