எங்கேஜ்மெண்ட்: பணிப்பற்றா, பணியொன்றலா?

> எம்ப்ளாயி எங்கேஜ்மெண்ட் – பணிப்பற்று. ரிடென்ஷன் – பணிப்பிணைப்பு. அட்ரிஷன் – பணியாளர் தேய்மானம். கருத்து சொல்லுங்கள்.

வணக்கம். மேலாண்மைத் துறையின் இந்த ஆங்கிலச் சொற்களுக்கு நீங்கள் முன்வைத்த தமிழில் மூன்றாவதை, ஆட்கள் வேலையை விட்டுப் போகும் அட்ரிஷனை, முதலில் முடித்துவிடுகிறேன். தேய்மானம் இயந்திரத்துக்குப் போடும் கணக்கு. ஆள் தேய்வதில்லை, முடிவெடுத்துப் போகிறான். அதற்குப் 'பணிவிலகல்'. ஓய்வு பெறுவோரையும் சேர்த்து எண்ணும் இடத்தில் 'பணியாளர் இழப்பு வீதம்'.

ரிடென்ஷன் என்றால் ஆளைப் போகவிடாமல் வைத்திருப்பது. அதற்குப் 'பிணைப்பு' என்பதற்கு என் ஓட்டு கிடையாது. மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகுக்கு ஆள் பிடிப்பது முன்பணம் கொடுத்துத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டுச் செலவுக்கு வாங்குவதும் அதில் ஏறும். பாக்கி இருக்கும்வரை ஆள் அந்தப் படகில்தான். வேறு முதலாளி வந்து பாக்கியைத் தீர்த்தால் மறுநாளே படகு மாறிவிடுவான். பிணைப்பு முழுசாக இருக்கிறது, மனசு வைத்து வேலை பார்க்கும் எங்கேஜ்மெண்ட்தான் இல்லை. இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்று ஐடி கம்பெனிகள் எழுதி வாங்கும் பாண்டும் இதற்குத் தூரத்துச் சொந்தம். 'பற்று' இன்னும் மோசம். ஐஸ் கம்பெனி நோட்டில் பற்று என்றால் கடன்!

1990இல் மேலாண்மை ஆய்வாளர் வில்லியம் கான் எங்கேஜ்மெண்ட் என்ற கருத்தை எழுதியது ஒரு கோடை முகாமையும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தையும் பார்த்து. உடம்பு, அறிவு, மனசு மூன்றையும் ஆள் வேலையில் இறக்குகிறானா என்பதுதான் விஷயம். அதற்குச் செய்கிற வேலையில் அர்த்தம் தெரிய வேண்டும், வாய் திறந்தால் பாதகம் வராது என்ற நம்பிக்கை வேண்டும், தெம்பும் வேண்டும் என்றார். அந்த நம்பிக்கையை எங்கள் படகுத்துறையிலேயே பார்க்கலாம். 'கச்சான் காத்து பலமா இருக்கு, இன்னைக்கு வேணாம்ணே' என்று கடைசிப் பையன் சொன்னாலும் காது கொடுக்கும் படகு டிரைவர் ஒருவர் இருக்கிறார். மீன் விற்றதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்த கணக்கை எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பார். பாக்கி தீர்ந்தவர்களும் அவர் படகை விட்டு இறங்குவதில்லை. பக்கத்துப் படகில் முன்பணம் கூடுதல், ஆள்தான் நிற்பதில்லை.

'ஒன்றி வேலை பார்க்கிறான்', 'ஒட்டாமல் வேலை பார்க்கிறான்' என்று நாம் எப்போதும் சொல்வதுதானே? ஆகவே எங்கேஜ்மெண்ட் – பணியொன்றல். டிஸ்எங்கேஜ்மெண்ட் – பணியொட்டாமை. ரிடென்ஷனுக்குத் 'தக்கவைப்பு' இருக்கட்டும். அது முதலாளி செய்வது, ஒன்றல் தொழிலாளியிடம் இருப்பது. இரண்டையும் ஒரே வேரிலிருந்து எடுத்தால் குழப்பம்தான்.

> 'ஈடுபாடு' பழகிய சொல்லாயிற்றே? சர்வே என்று வரும்போது பணியொன்றல் நாக்கில் புரளவில்லை.

ஈடுபாட்டை இன்வால்வ்மெண்டுக்கு விட்டுவைக்க வேண்டும். மேலாண்மைப் பாடத்தில் இரண்டும் வேறு வேறு. சர்வேக்கு 'பணியொன்றல் அளவாய்வு' என்று நாலு தடவை சொன்னால் பழகிவிடும். அப்புறம், கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பணியொன்றலை அளக்கக் கேட்கும் 12 கேள்விகளில் வேலையிடத்தில் உயிர் நண்பர் உண்டா என்றும் ஒன்று வருகிறது. விசைப்படகில் பாதிப்பேர் மாமன் மச்சான்தான். அவர்களும் இறங்கிப் போகிறார்கள், எனவே அதை மட்டும் பார்த்து மதிப்பெண் போட முடியாது.

பட்டியலில் அடுத்து ஆன்போர்டிங், அதாவது புதிதாகச் சேர்ந்தவரை வேலைக்குப் பழக்குவது, நிற்கிறது. தயவுசெய்து யாரும் 'படகேற்றம்' என்று ஆரம்பிக்காதீர்கள்.